மூன்றாம் வகுப்பு என்னும் அளவுகோல்

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. 2025க்குள் எட்டு வயதுக் குழந்தைகள் அனைவரும் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இலக்கு. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் வேண்டும். அதில் நமக்குத் தகராறு இல்லை.

ஆனால் ‘மூன்றாம் வகுப்புக்கு உரியது’ எதுவென்று தீர்மானிப்பது யார்? மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ 2021இல் ஒரு கணக்குச் சொன்னது: மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தை நிமிடத்திற்கு 60 சொற்கள் வாசிக்க வேண்டும், 9999 வரை எண்கள் அறிய வேண்டும். சொல் என்றால் எந்த மொழியின் சொல்? ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது தமிழில் ஒரே சொல். இந்தியில் அது நாலைந்து துண்டாக நிற்கும். 2022இல் நடந்த அடிப்படைக் கற்றல் ஆய்வில் மொழிக்கு மொழி தனி அளவு வகுக்க வேண்டி வந்ததே, ஒற்றை அளவு செல்லாது என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம்.

சரி, தமிழுக்கென்று ஓர் அளவு வந்துவிட்டது. எந்தத் தமிழ்? கும்மிடிப்பூண்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. அகதி முகாமில் ஈழத்தமிழ் பேசும் பிள்ளைகள் உண்டு. இருளர் குடியிருப்புகள் உண்டு. சிப்காட் ஆலைகளுக்கு வடக்கேயிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் உண்டு. பாடநூல் தமிழ் இவர்கள் யாருடைய வீட்டு மொழியும் அல்ல.

செங்கல் சூளைகளுக்கு வாருங்கள். மழை ஓய்ந்ததும் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அடுத்த மழைக்கு முன் திரும்புகிறார்கள். அந்தக் குழந்தையின் கல்வியாண்டு நடுவிலேயே இரண்டாக உடைகிறது. பாதி அங்கே, பாதி எங்கேயும் இல்லை. சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்றுதான் பேசப்படும். நாலிலக்க எண் அந்தக் குழந்தைக்குப் பாடநூலிலிருந்து அறிமுகமாவதில்லை. அப்பன் ஆத்தா வாங்கிய முன்பணத்திலிருந்து அறிமுகமாகிறது. அந்த அறிவுக்கு மதிப்பெண் கிடையாது.

தேர்வு என்பது ஒவ்வொரு மனிதரையும் எழுதிவைக்கத்தக்க ஒரு ‘கேஸ்’ ஆக்குகிறது என்றார் ஃபூக்கோ (1975). ‘எண்ணும் எழுத்தும்’ குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. வயது மூன்றாம் வகுப்பாக இருந்தாலும், தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது என்ற வகையில் இது பழைய முறையைவிட மேல்தான். பெயர்களும் அழகானவைதான். எனினும் ‘அரும்பு’ என்று பதியப்படுவது குழந்தை மட்டுமே. ஓராசிரியர் இரண்டு மூன்று வகுப்பை ஒன்றாக மேய்க்கும் பள்ளிக்கு நிலை இல்லை. முன்பணத்தில் குடும்பத்தைக் கட்டிப்போடும் சூளைக்கு நிலை இல்லை. கடைசியில் ஊரில் மிஞ்சுவது “அந்தப் புள்ளைக்குப் படிப்பு ஏறலைங்க” என்ற ஒரே வாக்கியம்.

அளவுகோலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளவில்லாவிட்டால் புறக்கணிப்பு கண்ணில் படாமலே போய்விடும். அதே அளவுகோலை மறுபக்கமும் திருப்புங்கள் என்கிறோம். மூன்றாம் வகுப்புக் குழந்தை என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலுக்குப் பக்கத்திலேயே, அந்தக் குழந்தைக்கு மூன்று ஆண்டுகளில் எத்தனை நாள் ஆசிரியர் கிடைத்தார், எந்த மொழியில் கிடைத்தார் என்ற பட்டியலும் சுவரில் தொங்கட்டும்.