வால்வுக்கு 14 சுற்று

தாராபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பார்த்தது இது. தெருவோர வால்வுக் குழிக்குள் இறங்கிய பையன், நாலு அங்குல வால்வின் தலையில் சாவியை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். மேலே நின்றவர் முப்பது வருடமாக அந்த ஊருக்குத் தண்ணீர் விடுபவர். "14 சுத்து கண்ணு. மொத நாலு சுத்து மெதுவா விடு, உள்ள இருக்கிற காத்து போகோணும். மூடறப்ப கடைசி நாலும் அதே மாதிரித்தான்." பையன் வாய்விட்டு எண்ணிக்கொண்டே திறந்தான். மூடும்போது எதற்கு நிதானம் என்று கேட்டேன். வேகமாக வருகிற தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் அது முட்டித் திரும்பும், அந்த அடியில் எங்கேயாவது ஒரு பழைய ஜாயின்ட் விட்டுப்போகும் என்றார் பெரியவர். பையன் ஐடிஐயில் இரண்டு ஆண்டு ஃபிட்டர் படித்தவன். அரம் பிடிக்கத் தெரியும், வெர்னியர் பார்க்கத் தெரியும். இந்தப் பாடம் மட்டும் அவனுக்கு அங்கே கிடைத்திருக்கவில்லை.

குடிநீர்த் தொழிலுக்கு இளைஞர்களை நாம் தயார்செய்யும் விதத்தில் நல்லது இல்லாமல் இல்லை. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு, பிளம்பர் ஓராண்டு என்று ஐடிஐ போடும் அடித்தளம் உறுதியானது. மேல்படிப்புக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு கைத்தொழிலைத் தருகிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருப்பதால் உதவித்தொகையோடு வேலையிடத்திலேயே பழகவும் வழி உண்டு. 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்து ஊர் ஊராகக் குழாய் பதித்தது. பதித்த குழாயைப் பார்த்துக்கொள்ள வந்ததுதான் 'நல் ஜல் மித்ரா' பயிற்சி. உள்ளூர் ஆளுக்கே குழாய் வேலை, மோட்டார் வேலை, கொத்து வேலை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லித்தருவது அதன் எண்ணம்.

அந்த எண்ணத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ராத்திரி மோட்டார் ஓடுகிறது, தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று வையுங்கள். போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிவிட்டதா, நான்-ரிட்டர்ன் வால்வு பழுதா, மும்முனை மின்சாரத்தில் பேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று தெரியாது. எலக்ட்ரீஷியன் வந்து குழாயைக் குறை சொல்வார், பிளம்பர் வந்து கரண்டைக் குறை சொல்வார். மூன்றையும் அறிந்த ஒருவர் ஊரிலேயே இருந்தால் விடிவதற்குள் தண்ணீர் ஏறிவிடும்.

ஆனால் எண்ணம் வேறு, வகுப்பறை வேறு. நான் நேரில் பார்த்த ஒரு பயிற்சியில் மேசைமேல் புத்தம்புது பிவிசி பைப்பும் சால்வென்ட் சிமென்ட் டப்பாவும் இருந்தன. பிள்ளைகள் அழகாக ஒட்டினார்கள். ஊருக்குள் தோண்டினால் ஒரே தெருவில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய், துருவேறிய ஜிஐ, புதிய ஹெச்டிபிஇ என்று மூன்று தலைமுறை கிடக்கும். குழிக்குள் முழங்கால் அளவு சேறும் இருக்கும். எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பதற்குப் பல ஊர்களில் வரைபடம் கிடையாது. அது அந்தப் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. ஒரு சில நாள் பயிற்சி அந்த நினைவைத் தொடவே தொடாது.

குளோரின் போடுவதை எடுத்துக்கொள்வோம். 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், ஆகவே 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தேர்வில் இதைக் கேட்டால் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். மழைக்காலத்தில் வாய் கட்டாமல் மோட்டார் ரூமில் கிடந்த மூட்டையின் பவுடர் பாதி வீரியம் இழந்திருக்கும் என்பதை யார் சொல்லித்தருவது? வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை காத்திருந்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். பிறகு குழாய்வழியில் கடைசி வீட்டுக்குப் போய், அங்கே பிடித்த தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்கிறதா என்று குளோரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். தொட்டியடிக் குழாயில் நிறம் வந்தால் போதும் என்று திரும்பி வருபவருக்கும், கடைக்கோடித் தெருவரை நடப்பவருக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் அந்தத் தெருக் குழந்தையின் வயிற்றுப்போக்கு இருக்கிறது. என்னைக் கேட்டால் தேர்வை அந்தக் கடைசி வீட்டு வாசலில்தான் வைக்க வேண்டும்.

ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளக் கற்றுத்தருவதும் இந்த இயக்கத்தில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் நான் போன ஊர்களில் பரிசோதனைக் குப்பியோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது. மோட்டார் ரூம் சாவி அவர்கள் கைக்கு வருவதில்லை.

ஜெர்மனியில் குடிநீர் வழங்கலுக்கென்றே தனியாக ஒரு தொழிற்படிப்பு இருக்கிறது. மூன்றாண்டு. பயிற்சிக்கு வருபவர் குடிநீர் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளிக்கும் போய்வருகிறார். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே ஒரு நிறுவனம் செய்யும் வேலையை இங்கே சின்ன ஊராட்சியில் ஒரே ஆள் செய்கிறார். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றைத்தான்: தண்ணீர் வேலை ஒரு தனித்தொழில் என்ற அங்கீகாரம். நம்மிடம் அது ஃபிட்டருக்கும் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் நடுவே சொந்தப் பெயரில்லாமல் நிற்கிறது.

பெயர் இல்லாததால் பதவியும் இல்லை, படிக்கட்டும் இல்லை. கிராமத்தில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்குக் கிடைப்பது சொற்பத் தொகை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் நீரேற்று நிலையங்களிலும் ஒப்பந்தக்காரர் மாறினால் ஆளும் மாறக்கூடும். பயிற்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே வந்ததும் மௌனமாகிவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. வேலையில் நாளை என்ன ஆவோம் என்று காட்டாமல் ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளைக் கேட்பது நியாயம் இல்லை. 2028 வரை நீட்டிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம் இனிப் பராமரிப்பில் கவனம் வைக்கும் என்கிறது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை, ஓய்வுபெறப்போகும் ஒவ்வொரு தொட்டி இயக்குபவரோடும் ஓர் இளைஞரை, ஓர் இளம்பெண்ணை, முழுதாக ஓராண்டு சம்பளத்தோடு நிறுத்தச் செலவிடலாம். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் இரண்டையும் அவர்கள் அந்தக் குழிக்குள்ளிருந்தே பார்த்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் ஊரின் குழாய் வரைபடத்தை அவர்களே வரைந்து தர வேண்டும். பிறகு அந்த வேலை அவர்களுக்கு.

அந்தப் பையன் எட்டு மாதம் இருந்தான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெஷின் பராமரிப்பு பார்க்கிறான், சம்பளம் இரண்டு மடங்கு. போன ஆடியில் பெரியவர் காய்ச்சலில் படுத்தபோது மோட்டார் ரூமுக்கு வந்த புது ஆள், கோயிலுக்குப் பின்னால் இருக்கிற வால்வுக்கு எத்தனை சுற்று என்று அவனுக்குத்தான் போன் போட்டுக் கேட்டிருக்கிறார்.