சமையல் என்னும் தொழிற்பெயர்

'டிசைன் திங்கிங்' என்பதை வடிவமைப்புச் சிந்தனை என்று தமிழாக்கியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் டி.ஸ்கூல் வழியாகப் பரவிய வடிவத்தில் அதற்கு ஐந்து படிகள்: பயனரின் நிலையில் நின்று பார்ப்பது, சிக்கலை வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, சோதிப்பது. இரண்டாவது படியில் ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இன்னாருக்கு இன்னது தேவை, ஏனென்றால் இது. மீதி மூன்று படிகளும் அந்த வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டவை. அதனால்தான் அதைக் கவிதை வரியைப் போல நிறுத்திப் படிக்க வேண்டும் என்கிறேன்.

மேலாண்மை படிக்கும் மாணவி ஒருத்தி மொழிநடை திருத்தித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்த பயிற்சித் தாளில் அந்த வாக்கியம் இப்படி இருந்தது: "வேலைக்குப் போகும் இளம்பெண்களுக்கு வீட்டுச் சமையலில் ஊக்கம் குறைந்துவருகிறது, அதைக் கூட்ட எளிய, மகிழ்ச்சியான வழி தேவை, ஏனென்றால் வீட்டு உணவே ஆரோக்கியமானது." நடையில் பிழை ஒன்றும் இல்லை. சிக்கல் இலக்கணத்தில் இருக்கிறது.

சமையல் என்பது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது, பால் காட்டாது, இடம் காட்டாது. 'சமைக்கிறாள்' என்ற வினைமுற்று இந்த மூன்றையும் மறைக்க வழியில்லாமல் காட்டிவிடும். 'வீட்டுச் சமையல்' என்று எழுதியதும் யார், எத்தனை மணிக்கு, யாருக்காக என்பவை வாக்கியத்திலிருந்து கழன்றுவிடுகின்றன. மிஞ்சுவது ஒரு பொருள். அந்தப் பொருளின் மீது ஒருத்திக்கு விருப்பம் குறைவு. உடனே அது அவளுடைய குறையாகிவிடுகிறது.

அடுத்தது ஊக்கம். திருக்குறளில் 'ஊக்கமுடைமை' 60ஆம் அதிகாரம். பொருட்பாலில், அரசியல் பகுதியில் வருவது. அரசனிடம் எதிர்பார்த்த குணத்தை இன்று பாத்திரம் தேய்க்கிறவளிடம் எதிர்பார்க்கிறோம், நாட்டைக் கொடுக்காமலே.

முதல் படியை, அதாவது போய்ப் பார்ப்பதை, நேர்மையாகச் செய்திருந்தால் இப்படி ஒரு வாக்கியம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த முறையில் எனக்கு மதிப்பு உண்டாவது அங்கேதான். அடுப்பின் முன் நிற்பது வேலையில் ஒரு பகுதி மட்டுமே. மாவு எத்தனை நாளைக்கு வரும், எப்போது புளிக்கும், கறிவேப்பிலை இருக்கிறதா, மாமனாருக்கு உப்பு குறைக்க வேண்டும், சின்னவன் கத்தரிக்காய் தொட மாட்டான், நேற்றைய குழம்பை இன்று யார் சாப்பிடுவது (இதற்கு விடை எல்லா வீட்டிலும் ஒன்றுதான்) என்று காலை முதல் ஓடும் கணக்கு எந்தச் செயலியின் திரையிலும் வராது. 'இன்னைக்கு என்ன சமையல்?' என்று கேட்பவர் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கேள்வி இவளிடமே நின்றுவிடுகிறது.

2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்கு எண் கொடுத்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். இன்னொரு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். அந்த வேலையில் கையே வைத்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். நான்கில் மூன்று ஆண்கள் கணக்குக்குள்ளேயே வரவில்லை. ஊக்கம் குறைந்தவர்களைத் தேடிப் புறப்படுகிறவர்கள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை?

பொறியியல் இதற்குப் பலமுறை விடை சொல்லிப் பார்த்திருக்கிறது. 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்க்ஃபர்ட் சமையலறை சுமார் ஆறரைச் சதுர மீட்டர்தான். நடையை எண்ணி, கைக்கெட்டும் தூரத்தை அளந்து செய்தது. உண்மையான அக்கறையில் பிறந்த வேலை. ஆனால் அதற்குள் ஒருவர்தான் நிற்க முடியும், அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. கருவிகள் வந்தும் அமெரிக்கத் தாய்மார்களின் வேலை ஏன் குறையவில்லை என்பதை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் புத்தகமாகவே எழுதினார். நம் வீட்டு வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கல்லிலிருந்து தோளைக் காப்பாற்றியது. வாரம் முழுக்க இட்லியும் தோசையும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் அதுவே கொண்டுவந்தது.

ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' (2021) படத்தை இந்தக் கோணத்தில் மறுபடி பார்க்கலாம். அந்த வீட்டில் குக்கர் இருக்கிறது. மாமனாருக்குச் சோறு விறகடுப்பில் வெந்தாக வேண்டும். சட்னி கையால் அரைத்ததாக இருக்க வேண்டும். தொட்டிக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்கிறாள், கணவன் மறந்துபோகிறான், மறுபடி சொல்கிறாள். சிக்கலை அவள் மிகத் துல்லியமாக வரையறுத்துத்தான் இருக்கிறாள். கேட்க ஆள் இல்லை. அவளுக்கு ஊக்கப் பயிற்சி தருவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

வேறு விதமான வரையறை நம்மிடமே இருக்கிறது. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவதைத் தாயின் ஊக்கக் குறைவு என்று எழுதவில்லை. அரசு சமைத்துப் போட வேண்டிய ஒன்று என்று எழுதியது. அங்கும் சமைப்பது பெரும்பாலும் மகளிர் குழுப் பெண்கள்தான். அவர்களுக்கான ஊதியம் போதுமா என்று தனியே சண்டை போடலாம். ஊதியம் என்ற சொல்லாவது அங்கே இருக்கிறது.

அந்த மாணவியிடம் தொழிற்பெயரை எடுத்துவிட்டு வினைமுற்று வைத்து எழுதச் சொன்னேன். எழுதினாள்: "எங்கள் வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுகிறோம். அம்மா சமைக்கிறாள். அவள் வேலைக்கும் போகிறாள். மற்ற நால்வருக்கும் சமைக்கத் தொடங்க ஒரு வழி தேவை." பயிற்சி நடத்தியவர் இதில் பயனர் யார் என்பது தெளிவாக இல்லை என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தாராம். நால்வரின் பெயரையும் எழுதி மறுபடி கொடுத்திருக்கிறாள். அதில் அவள் பெயரும் இருந்தது.