சூட்டுக்கு இளகும் பசை

பழுதுபார்க்கப் பழகுகிறவருக்கு உகுலேலேயைவிடத் தோதான வாத்தியம் இல்லை. நான்கே நைலான் தந்திகள். கிதாரைப்போல மரத்தை இழுத்து வதைப்பதில்லை. 1879-இல் ஹொனலுலுவில் வந்திறங்கிய மதெய்ராத் தீவுத் தச்சர்களின் கைவேலை இது. பழைய உகுலேலேக்களை விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். பாதி பெயர்ந்த பிரிட்ஜின் அடியில் சூடான மெல்லிய கத்தியை நுழைத்து, அவசரப்படாமல் நகர்த்தினால், மரம் சிதையாமல் கழன்று வரும். பிறகு அதே பசையில் ஒட்டலாம். எப்பாக்ஸி பக்கமே போகக்கூடாது. அடுத்துப் பிரிக்கப்போகிறவர் சபிப்பார். உகுலேலேயின் கோவா (koa) மரப் பலகையில் விழும் விரிசல்தான் சோதனை. உள்ளேயிருந்து குறுக்கே சின்ன மரத்துண்டுகள் ஒட்டவேண்டும், ஒலித்துளையிலோ விரல்கள் மட்டுமே நுழையும். தந்தியை முறுக்கும் பிருடை நழுவுகிறதா? வீணைக்காரர்களைக் கேளுங்கள்: சாக்பீஸ் தூள்.