ஒருமுறை மீட்டினால் இருமுறை விழும் கிடார்

கீழ்நோக்கி ஒருமுறை மீட்டினால் திரையில் இருமுறை விழுகிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் பிளாஸ்டிக் வீடியோ கேம் கிடாருக்கு இருந்த முதல் கோளாறு இது. சிவப்புப் பொத்தான் நகம் வெளுக்க அழுத்தினால்தான் பேசும். சுரத்தை நெளிக்கும் வாமி கம்பியோ யாரும் தொடாமலே நடுங்கும். பிசகு என் விரலிலா கருவியிலா என்று தெரியாமல் ஆடுவது பெரிய வேதனை. மூன்று மாலைகள் ஒதுக்கிப் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

1999-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் கிடார்ஃப்ரீக்ஸ் என்ற ஆர்கேட் விளையாட்டில் மூன்று பொத்தான் கிடாரை மாட்டியது. 2005-இல் வந்த கிடார் ஹீரோ அதை ஐந்து பொத்தானாக்கி வீட்டு டிவிக்கு முன்னால் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் மோகம் வடிந்து, கிடார்கள் பரணுக்குப் போயின. இப்போது குளோன் ஹீரோ என்ற இலவச கணினி விளையாட்டாலும், 2023 டிசம்பரில் வந்த ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவலாலும் அவற்றுக்கு மறுபடி கிராக்கி. பரணிலிருந்து இறங்குபவை பெரும்பாலும் ஏதாவது ஒரு கோளாறோடுதான் இறங்குகின்றன.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் கணினியில் செருகி, விண்டோஸில் உள்ள கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினால் எந்த விளக்கு எரிகிறது, எது இடறுகிறது என்று அங்கேயே தெரியும். இந்தப் பத்து நிமிடம் எனக்கு ஒரு முழு மாலையை மிச்சப்படுத்தியது.

உள்ளே பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து பொத்தான்கள், மேலும் கீழும் மீட்ட இரண்டு மைக்ரோ சுவிட்ச், வாமிக்கு ஒரு பொட்டன்ஷியோமீட்டர், கிடாரைத் தூக்குவதை உணர ஒரு சென்சார், எல்லா ஒயரும் போய்ச் சேரும் ஒரு போர்டு. ஸ்க்ரூக்கள் மட்டும் ஒரே நீளத்தில் இருக்காது. சில ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். காகிதத்தில் கிடாரின் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒவ்வொன்றையும் குத்தி வைத்தேன்.

சிவப்புப் பொத்தானின் வியாதி வெறும் அழுக்குதான். ரப்பர் உறைக்கு அடியில் இருக்கும் கரிவட்டம் போர்டின் தடத்தைத் தொட்டால்தான் சிக்னல் போகும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் தடத்தை நன்றாகவும், கரிவட்டத்தை மெதுவாகவும் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கரியே உரிந்துவிடும். கழுத்து கழன்று வரும் மாடல்களில் கழுத்தும் உடலும் சேரும் உலோகத் தொடுமுனைகளையும் துடைத்துவிடுங்கள். அங்கே தொடர்பு விட்டுப்போனால் ஐந்து பொத்தானும் சேர்ந்து ஊமையாகும்.

மீட்டும் பட்டைதான் உண்மையான வேலை. மைக்ரோ சுவிட்சுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று 'டிக்' என்று தாவுகிறது. பல்லாயிரம் மீட்டல்களுக்குப் பிறகு தகடு தளர்ந்து, தொட்டவுடன் ஒருமுறை துள்ளுகிறது. சில மில்லி செகண்டில் நடக்கும் அந்தத் துள்ளலைப் போர்டு இரண்டாவது மீட்டலாக எண்ணிக்கொள்கிறது. சுவிட்சைத் திறந்து தகட்டை வளைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் தாங்கியது. மாற்றுவதுதான் தீர்வு. மூன்று கால்களில் பொதுக்காலையும், அழுத்தினால் சேரும் காலையும் மல்டிமீட்டரின் பீப் சத்தத்தால் கண்டுபிடித்து, பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதைப் பற்றவைத்தேன். மேலுக்கும் கீழுக்கும் ஒரே ரகமாகப் போடுங்கள். முதலில் கீழ்ச் சுவிட்சை மட்டும் மாற்றியதில் ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் லேசாகவும் இருந்து, வேகமாக வரும் இடங்களில் தாளமே குலைந்தது.

இப்போது அந்த 'டிக்' ஒவ்வொரு மீட்டலிலும் விரலுக்கும் காதுக்கும் ஒன்றாகக் கேட்கிறது. சில மாடல்களில் வரும் சத்தமில்லாத மெத்தைப் பட்டைகளைவிட இதுவே எனக்குப் பிடிக்கிறது. சுவிட்ச் விழுந்த கணம் கைக்குத் தெரிந்தால்தான் அடுத்ததற்குக் கை தயாராகும்.

பழைய கிடார் வாங்குகிறவர்கள் கோளாறைவிட, சிக்னலை வாங்கும் டாங்கிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2, 3-க்கான ஒயர்லெஸ் கிடார்கள் தமக்கே உரிய டாங்கிள் இல்லாமல் பேசாது. வீ-க்கான கிடார் ஹீரோ கிடார்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. வீ ரிமோட் கிடாருக்குள்ளேயே செருகிக்கொள்ளும். டாங்கிள் தொலைந்திருந்தாலும் போர்டே எரிந்திருந்தாலும் ஒரு வழி உண்டு. உள்ளே ராஸ்ப்பெரி பை பிக்கோ என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டை வைத்து ஒவ்வொரு சுவிட்சின் ஒயரையும் அதில் இணைத்தால் கிடார் யுஎஸ்பியில் பேசும். 2021-இல் அது வந்தபோது விலை 4 டாலர். பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல வேலை.

வாமிதான் இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை முன்னும் பின்னும் ஆட்டியதில் நடுக்கம் பாதியாகக் குறைந்தது. பின்புறம் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அதே மதிப்புள்ள பொட்டன்ஷியோமீட்டரைச் சொல்லி வைத்திருக்கிறேன். கிடார் ஹீரோ, குளோன் ஹீரோ போன்ற விளையாட்டுகளில் நீண்ட நட்சத்திர சுரங்களின்போது வாமியை ஆட்டினால் கூடுதல் சக்தி சேரும். என் கிடார் தானாகவே நடுங்கி அதைச் சேர்த்துக்கொடுக்கிறது. உழைக்காத மதிப்பெண்ணோடு ஆட மனம் வரவில்லை. புதியது வரும்வரை செட்டிங்கில் வாமியை நீக்கிவிட்டுத்தான் ஆடுகிறேன்.