திருத்தும்போது தொலையும் தரவு

ஒரு நோயாளியின் பெயர், தொலைபேசி எண், ஒவ்வாமைகள், பழைய மருந்துச் சீட்டுகள், கட்டவேண்டிய பாக்கி எல்லாம் ஒரே ஆவணத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வரவேற்பு மேசையில் இருப்பவர் தொலைபேசி எண்ணை மாற்ற அந்த ஆவணத்தைத் திறக்கிறார். அதே நேரத்தில் உள்ளறையில் செவிலியரும் அதைத் திறந்து, ஒவ்வாமைப் பட்டியலில் பெனிசிலினைச் சேர்த்துச் சேமிக்கிறார். அதற்குப் பிறகு வரவேற்பாளர் சேமிக்கிறார். அவர் திரையில் இருப்பது செவிலியர் கைவைப்பதற்கு முந்தைய பிரதி. மென்பொருள் அந்தப் பிரதியை முழுதாகத் திருப்பி எழுதினால் புதிய எண் ஏறும், பெனிசிலின் அழிந்துபோகும். பிழைச் செய்தி எதுவும் வராது. தரவுத்தளத்தின் கணக்கில் இரண்டு சேமிப்புகளுமே வெற்றி.

ஆவணத் தரவுத்தளங்களைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் வேகத்தையும் அளவையும் சுற்றியே நடக்கின்றன. நொடிக்கு எத்தனை கோரிக்கை, எத்தனை சர்வரில் பரப்பலாம் என்பவை பயனுள்ள கேள்விகள்தான். ஆனால் ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் எழுதியது பிழைக்குமா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. மருந்து, கூலி, ஓய்வூதியம் என்று மனிதர் வாழ்வைத் தொடும் பதிவுகள் இன்று இந்த வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. அங்கே ஒரு புலம் ஓசையின்றி மறைவதைச் சின்னக் கோளாறு என்று ஒதுக்க முடியாது.

இந்த வடிவத்தின் பலத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த தொடர்புநிலை மாதிரியில் தகவல்கள் அட்டவணைகளாகப் பிரியும். மேலே சொன்ன நோயாளியின் விவரம் ஐந்தாறு அட்டவணைகளில் கிடக்கும். அவற்றைச் சேர்த்து மாற்றப் பரிவர்த்தனை ஒன்றைத் தொடங்கி, முடித்து, இடையில் தவறினால் பின்வாங்க வேண்டும். 2009இல் வெளிவந்த மாங்கோடிபி என்ற ஆவணத் தரவுத்தளத்திலோ ஒரே ஆவணத்துக்குள் நடக்கும் திருத்தம் பிளவுபடாது. எண், ஒவ்வாமை, பாக்கி மூன்றையும் ஒரே கட்டளையில் மாற்றினால், படிப்பவருக்கு மூன்றும் பழையதாகவோ மூன்றும் புதியதாகவோதான் தெரியும். பட்டியலுக்குள் பட்டியலாக எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் இந்த உறுதி பொருந்தும். அன்றாட வேலைகளில் பெரும்பகுதி ஒரு நபர், ஒரு ஆர்டர், ஒரு ரசீது என்ற அளவிலேயே முடிந்துவிடுகிறது. அங்கெல்லாம் பரிவர்த்தனையின் பாதுகாப்பு தனி உழைப்பில்லாமல் கிடைக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிடுபவர்களோடு நான் உடன்படவில்லை.

ஆனால் அந்த உறுதி ஒரு கட்டளைக்குரியது. படித்ததற்கும் எழுதியதற்கும் இடையே கழிந்த நேரத்தை அது காப்பதில்லை. வரவேற்பாளர் ஆவணத்தைத் திறந்தது ஒரு கட்டளை, சேமித்தது இன்னொரு கட்டளை. இரண்டுக்கும் நடுவில் யார் வேண்டுமானாலும் புகலாம். பல குழுக்கள் கவிழும் இடம் இது.

இந்தத் தவறுக்குக் கருவிகளே வழியமைத்துக் கொடுத்திருந்தன. மாங்கோடிபியின் பழைய அப்டேட் கட்டளைக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ‘செட்’ என்ற செயலியை (ஆபரேட்டரை) சேர்த்தால் குறிப்பிட்ட புலம் மட்டும் மாறும். அதை மறந்துவிட்டுப் புதிய எண்ணை மட்டும் கொடுத்தால், அந்த எண்ணைத் தவிர ஆவணத்தில் இருந்த மற்றவை எல்லாம் போய்விடும்; அதோடு எஞ்சுவது ஆவணத்தின் அடையாள எண் மட்டுமே. ஒரு செயலியை எழுத மறந்ததற்கு ஒரு முழுப் பதிவு விலை. பின்னர் அப்டேட்ஒன், அப்டேட்மெனி, ரிப்ளேஸ்ஒன் என்று கட்டளைகளைப் பிரித்தார்கள். இன்று அப்டேட்ஒன் கட்டளைக்குச் செயலி இல்லாத ஆவணத்தைக் கொடுத்தால் பிழையென்று திருப்பி அனுப்பிவிடும். நல்ல சீர்திருத்தம். கூகுளின் ஃபயர்ஸ்டோரில் இன்றும் ‘செட்’ என்ற அழைப்பு, ‘மெர்ஜ்’ என்று தனியாகக் கேட்காவிட்டால், பழைய ஆவணத்தின் மேல் புதியதை வைத்து மூடிவிடுகிறது. அழிக்கும் செயலுக்குக் குட்டையான பெயரையும் காக்கும் செயலுக்குக் கூடுதல் விருப்பத்தையும் கொடுப்பது தவறான வடிவமைப்பு. இரண்டும் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

சரியான திருத்தத்தின் முதல் இலக்கணம், திரையில் இருக்கும் முடிவை அனுப்பாமல் செய்யவேண்டிய மாற்றத்தை அனுப்புவது. எண்ணுக்கு ‘செட்’. பாக்கியில் ஐந்நூறைக் கழிக்க ‘இன்க்’. ஒவ்வாமையைச் சேர்க்க ‘ஆட்டூசெட்’. அது ஏற்கெனவே இருந்தால் இரண்டாம் முறை சேராது. இப்படி எழுதியிருந்தால் செவிலியரும் வரவேற்பாளரும் எந்த வரிசையில் சேமித்தாலும் ஒருவர் வேலையை மற்றவர் அழித்திருக்க முடியாது. இருவருக்கும் இடையே பூட்டு தேவையில்லை, காத்திருப்பும் தேவையில்லை. ஆவணத் தரவுத்தளத்தின் அழகே இந்தச் செயலிகளில்தான் இருக்கிறது. அவற்றைத் தவிர்த்து, முழு ஆவணத்தையும் இழுத்து வந்து நினைவகத்தில் மாற்றித் திருப்பி வைக்கும் பழக்கம் அந்தப் பலத்தையே வீணாக்குகிறது.

புதிய மதிப்பு பழைய மதிப்பைச் சார்ந்திருக்கும்போது இது மட்டும் போதாது. ஒரு கணக்கின் இருப்பு ஐந்நூறுக்குக் குறையாமல் இருந்தால்தான் கழிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறதென்று கொள்வோம். முதலில் இருப்பைப் படித்து, நிரலில் ஒப்பிட்டு, பிறகு கழிப்பது ஆபத்து. 2014 மார்ச்சில் ஃப்ளெக்ஸ்காயின் என்ற பிட்காயின் நிறுவனம் 896 பிட்காயின்களை இழந்து மூடப்பட்டது. கணக்குகளுக்கு இடையே பணம் மாற்றும் கோரிக்கைகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் அனுப்பி, இருப்பு திருத்தப்படும் முன்பே அதே தொகையைத் திருடர் மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டார் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. எந்தத் தரவுத்தளம் என்பது இங்கே இரண்டாம்பட்சம். சோதனையும் திருத்தமும் இரண்டு தனிப் படிகளாக இருந்ததுதான் ஓட்டை. மாங்கோடிபியில் இதற்கு மருந்து எளிது. தேடும் நிபந்தனையிலேயே ‘இருப்பு ஐந்நூறு அல்லது அதற்கு மேல்’ என்பதைச் சேர்த்துவிட்டு, அதே கட்டளையில் கழிக்கச் சொல்லலாம். நிபந்தனை பொருந்தாவிட்டால் எதுவும் மாறாது.

எதுவும் மாறவில்லை என்பதைத் தரவுத்தளம் பிழையாகச் சொல்லாது என்பதுதான் அடுத்த சிக்கல். பொருந்திய ஆவணங்கள் பூஜ்யம் என்று ஒரு எண்ணை மட்டும் பதிலில் வைக்கும். அதைப் பார்ப்பது நிரலாளரின் பொறுப்பு. பார்க்காத நிரல், பணம் கழியாமலே ரசீது அடித்துக் கொடுத்துவிடும். ஒவ்வொரு ஆவணத்திலும் பதிப்பு எண் வைத்து, ‘நான் படித்தபோது ஏழாம் பதிப்பு, இன்னும் ஏழாகவே இருந்தால் மாற்று’ என்று கேட்கும் முறையும் இந்த எண்ணைப் பார்த்தால்தான் வேலை செய்யும்.

கவுச்டிபி இந்த இடத்தில் வேறு பாதையைத் தேர்ந்தது. 2005இல் டேமியன் காட்ஸ் தொடங்கி, பின்பு அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போன திட்டம் அது. அதில் பதிப்புக் குறி கட்டாயம். எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்று சொல்லாமல் ஆவணத்தைத் திருத்த முடியாது. இடையில் யாராவது மாற்றியிருந்தால் 409 என்ற முரண் பதில் வரும். நம் நோயாளியின் கதையில் வரவேற்பாளரின் சேமிப்பு மறுக்கப்பட்டிருக்கும், பெனிசிலின் தப்பியிருக்கும். பாதுகாப்பை விருப்பமாக விடாமல் விதியாக்கியது அதன் பெருமை. குறை, ஒரு புலத்தை மாற்றவும் முழு ஆவணத்தையும் அனுப்பவேண்டியிருப்பது. அதைவிடப் பெரிய குறை பயன்படுத்துவோரிடம் பிறக்கிறது. 409 வந்தால் புதிய பதிப்புக் குறியை மட்டும் எடுத்து, கையிலிருக்கும் பழைய உள்ளடக்கத்தோடு ஒட்டி மீண்டும் அனுப்பும் நிரல்களை எழுதிவிடுகிறார்கள். முரண் மறைந்துவிடும், பெனிசிலினும் மறைந்துவிடும். மீண்டும் முயல்வதென்றால் புதிய உள்ளடக்கத்தைப் படித்து, அதன்மேல் மாற்றத்தைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இணையத் தொடர்பு இல்லாமலும் திருத்த முடிவது கவுச்டிபி குடும்பத்தின் தனிச்சிறப்பு. வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கான கம்யூனிட்டி ஹெல்த் டூல்கிட் என்ற திறமூல மென்பொருள், கைப்பேசியில் பவுச்டிபியையும் சர்வரில் கவுச்டிபியையும் வைத்து இயங்குகிறது. இரண்டு கைப்பேசிகள் ஒரே ஆவணத்தைத் தனித்தனியே மாற்றிப் பின்னர் இணைந்தால், கவுச்டிபி ஒரு பதிப்பை வென்றதாகத் தேர்ந்து மற்றதைத் தூக்கியெறியாமல் வைத்திருக்கும். எல்லா இயந்திரங்களும் ஒரே பதிப்பையே தேர்ந்தெடுக்கும். ஆனால் அந்தத் தேர்வு எது சரி என்பதைப் பார்ப்பதில்லை. தோற்ற பதிப்பைக் கேட்டு வாங்கவும் நிரலாளர்தான் முனைய வேண்டும். அந்த மென்பொருளில் பணியாளரின் ஒவ்வொரு அறிக்கையும் தனி ஆவணமாகச் சேர்கிறது. பழையதைத் திருத்துவதைக் குறைத்துப் புதியதைச் சேர்ப்பதைக் கூட்டினால் மோதல் எழும் இடமே சுருங்குகிறது. இந்த வழி இன்னும் பல இடங்களில் பின்பற்றத் தக்கது.

ஆவணத்தின் எல்லையைத் தாண்டினால் நிலைமை கடினமாகிறது. மருத்துவரின் பெயரையும் எண்ணையும் ஒவ்வொரு நோயாளி ஆவணத்திலும் நகலெடுத்து வைத்தால் படிப்பது வேகமாகும். மருத்துவர் எண்ணை மாற்றும் நாளில் ஆயிரம் ஆவணங்களைத் திருத்தவேண்டி வரும். அப்டேட்மெனி ஒவ்வொரு ஆவணத்தையும் பிளவின்றி மாற்றும். ஆயிரத்தையும் ஒரு மொத்தமாக மாற்றாது. பாதியில் நின்றால் பாதி புதிது, பாதி பழையது. டயாஸ்போரா என்ற சமூக வலைத்தளம் 2010இல் மாங்கோடிபியில் தொடங்கிப் பிறகு தொடர்புநிலைத் தரவுத்தளத்துக்கு மாறியது. அதில் பணியாற்றிய சாரா மெய் 2013இல் எழுதிய கட்டுரை, நகல்களாகச் சிதறிய பயனர் விவரங்களை ஒத்திசைவாக வைத்திருப்பது எவ்வளவு கடினமென்று விரிவாகப் பேசியது.

ஆனாலும் எல்லா நகல்களும் குற்றமல்ல. சென்ற ஆண்டு கொடுத்த ரசீதில் அன்றைய விலைதான் இருக்க வேண்டும். இன்று விலை ஏறியதென்று அதைத் திருத்தினால் அதுதான் தவறு. மருந்துச் சீட்டில் அன்று கையெழுத்திட்டவரின் பெயரும் அப்படியே. வரலாற்றுக்காக வைத்த நகலையும் வசதிக்காக வைத்த நகலையும் வடிவமைக்கும்போதே பிரித்துக் குறித்து வைக்காத குழு, பின்னாளில் எதைத் திருத்துவது என்று தெரியாமல் திண்டாடும்.

பல ஆவணங்களை ஒரே மொத்தமாக மாற்றும் பரிவர்த்தனை 2018இல் மாங்கோடிபி 4.0 பதிப்பில் வந்தது. வரவேற்கத்தக்கது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சாயக்கூடிய தூணல்ல. தரவுத்தளங்களின் வாக்குறுதிகளைச் சோதிக்கும் கைல் கிங்ஸ்பரியின் ஜெப்சன் திட்டம் 2020இல் 4.2.6 பதிப்பைச் சோதித்தபோது, மிகக் கடுமையான அமைப்புகளிலும் பரிவர்த்தனைகள் ஒன்றையொன்று குழப்பாமல் உறுதியளித்த தனிமையைக் காக்கவில்லை என்று கண்டது. இயல்பு அமைப்புகளின் வரலாறும் இதே எச்சரிக்கையைத் தருகிறது. 2012 இறுதிவரை மாங்கோடிபியின் இணைப்பு நூலகங்கள், எழுதியது சேர்ந்ததா என்ற பதிலுக்குக்கூட இயல்பாகக் காத்திருக்கவில்லை. பெரும்பான்மைப் பிரதிகள் ஏற்றபின்பே வெற்றி என்று சொல்வது இயல்பானது 2021இல் வந்த 5.0 பதிப்பில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டு இன்றும் ஓடும் நிரல்களில், பழைய தளர்வான அமைப்பை வெளிப்படையாகவே குறித்துவைத்தவை இருந்தால் பதிப்பை உயர்த்துவது மட்டும் அவற்றைக் காப்பாற்றாது.

மறுமுயற்சியிலும் ஒரு பொறி உண்டு. எண்ணை மாற்றும் ‘செட்’ இரண்டு முறை ஓடினாலும் விளைவு ஒன்றுதான். ஐந்நூறைக் கழிக்கும் ‘இன்க்’ இரண்டு முறை ஓடினால் ஆயிரம் போய்விடும். இணைப்பு அறுந்தால் இணைப்பு நூலகமே ஒருமுறை பாதுகாப்பாக மறுமுயற்சி செய்யும் வசதி மாங்கோடிபி 3.6 பதிப்பில் வந்தது. பயனர் பொறுமையிழந்து பொத்தானை மறுபடி அழுத்துவதை அது அறியாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, ‘இந்த எண் இன்னும் இந்த ஆவணத்தில் பதிவாகவில்லை என்றால்’ என்ற நிபந்தனையோடு கழிப்பதும் அந்த எண்ணைப் பதிவதும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும். எண்கள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் பழையவற்றை அவ்வப்போது நீக்கவும் வேண்டும். மாங்கோடிபியில் ஓர் ஆவணம் 16 மெகாபைட்டைத் தாண்ட முடியாது.

புலத்தின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ‘செட்’ மறுக்காது. பிசகிய பெயரில் புதிய புலத்தை உண்டாக்கிவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடும். ‘இல்லையென்றால் உருவாக்கு’ என்னும் அப்சர்ட்டை இருவர் ஒரே நொடியில் அழைத்தால், தனித்துவக் குறியீட்டுப் பட்டியல் இல்லாத இடத்தில் ஒரே நோயாளிக்கு இரண்டு ஆவணங்கள் பிறக்கலாம். சரிபார்ப்பு விதிகளையும் தனித்துவக் கட்டுப்பாட்டையும் தரவுத்தளத்திலேயே எழுதிவைத்தால் இரண்டையும் தடுக்கலாம். கட்டமைப்பு இல்லாத சுதந்திரம் என்று விற்கப்பட்டதைப் பாதி விட்டுக்கொடுத்தால்தான் திருத்தம் நம்பகமாகும் என்பதே என் முடிவு.

எதை ஒரே ஆவணமாக வைப்பது என்பதைப் பலர் திரையைப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள்: ஒரே பக்கத்தில் தெரிபவை ஒரே ஆவணம். சேர்ந்து தெரிபவற்றைவிடச் சேர்ந்து மாறவேண்டியவற்றுக்கு முதலிடம் தர வேண்டும். பாக்கியும் அதற்கான கட்டணப் பதிவும் ஒன்றாக மாற வேண்டும், ஆகவே ஒரே ஆவணம். மருத்துவரின் விவரம் நோயாளியோடு சேர்ந்து மாறுவதில்லை, ஆகவே வெளியே.

இவ்வளவும் செய்த பிறகும் சில மோதல்கள் மிஞ்சும். எண்ணும் ஒவ்வாமையும் மோதினால் இயந்திரமே இரண்டையும் சேர்த்துவிடலாம். ஒரே மருந்துக்கு ஒருவர் 250 மில்லிகிராம் என்றும் இன்னொருவர் 500 என்றும் எழுதியிருந்தால் கடைசியாக வந்தது வெல்லும் என்று நிரல் முடிவெடுக்கக் கூடாது. ‘சேமிக்க முடியவில்லை, மீண்டும் முயலவும்’ என்று சொல்லி நகர்வதும் தகாது. மீண்டும் அழுத்தினால் முன்னவர் எழுதியது பார்வைக்கே வராமல் அழிந்துவிடலாம். இரண்டு அளவுகளையும், யார் எப்போது எழுதினார் என்பதையும் அருகருகே காட்டி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தரவுத்தளம் இதற்கு வேண்டிய பதிப்புக் குறியைத் தரும். அந்தத் திரையைத் திட்டத்தின் முதல் மாதத்திலேயே வரையவேண்டியவர்கள் நாம்.