சர்க்கரைப் பெண்ணைப் பார்த்தவர்கள்

நியூயார்க், புரூக்ளினில் இடிபடக் காத்திருந்த டாமினோ சர்க்கரை ஆலைக்குள் 2014இல் கலைஞர் காரா வாக்கர் ஒரு பெரும் சிலையை எழுப்பினார். கறுப்பினப் பெண்ணின் முகம், தலையில் துணிக்கட்டு, சிங்க உடல். 35 அடி உயரம், மேலெல்லாம் வெள்ளைச் சர்க்கரை. ஜூலை 6, காட்சியின் கடைசி நாள். அன்று அவரது குழுவினர் பார்க்க வந்தவர்களையே படம்பிடித்தார்கள். அதுதான் ‘ஆன் ஆடியன்ஸ்’ வீடியோ.

சிலர் வாயடைத்து நிற்கிறார்கள். சிலர் சிரித்தபடி செல்ஃபி எடுக்கிறார்கள். யாரையும் வீடியோ கடிந்துகொள்வதில்லை. நிதானமாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த நிதானம்தான் என்னை உலுக்கியது.

பெரிய சிலையைவிட, அதைச் சுற்றி நின்ற, கூடை ஏந்திய சிறுவர் சிலைகளிடம்தான் என் மனம் ஒட்டிக்கொண்டது. பாகு நிறம். கோடை வெக்கையில் சிலர் உருகிக் கை கால் உதிர்ந்தார்கள். கருஞ்சிவப்புப் பாகு தரையில் தேங்கியது. உடைந்த துண்டுகளை வாக்கர் மற்றச் சிறுவர்களின் கூடைகளில் இட்டார். கரிபியத் தோட்டங்களில் கரும்பாலை உருளையில் அடிமையின் கை சிக்கினால் வெட்டியெடுக்க, பக்கத்திலேயே கோடரி வைத்திருந்தார்கள். அதை அறிந்தவர்களுக்கு அந்தக் கூடைகளைப் பார்ப்பது எளிதல்ல.