நாமா? நாங்களா? ஒரு போர்ப்பாட்டைத் திறனாய்வோம்

ஒரு பாட்டை வைத்து வரலாற்றுப் பாடம் நடத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர், அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலப் பள்ளி ஆசிரியர் ஜிம்மி டிரிஃப்ட்வுட். மாணவர்களுக்கு வரலாற்றில் ஆர்வம் வர வேண்டுமென்று, பழைய ஃபிடில் மெட்டு ஒன்றுக்கு அவர் 1936இல் எழுதியதுதான் ‘நியூ ஆர்லியன்ஸ் போர்’. 1959இல் ஜானி ஹார்ட்டன் பாட, அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கேட்டுப் பாருங்களேன், கால் தானாகத் தாளம் போடும்.

நெப்போலியன் காலத்தில், 1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மூண்ட போரின் கடைசிக் கட்டம் இது. 24.12.1814இல் ஐரோப்பாவின் கெண்ட் நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. செய்தி கடல் தாண்டி வருமுன், 8.1.1815இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே படைகள் மோதின. அதற்காக, ‘போர் முடிந்தபின் நடந்த போர்’ என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்! இரு நாடுகளும் உறுதிப்படுத்திய பிறகே சண்டை நிற்கும் என்பது ஒப்பந்தம். அமெரிக்க செனட் அதை ஏற்றது பிப்ரவரி 16இல்தான்.

பாட்டின் பலம் எள்ளல். பீரங்கி உருகிப்போனதும் வீரர்கள் ஒரு முதலையையே பீரங்கியாக்கிச் சுடுகிறார்கள். எதிரிகள் முட்புதர்களுக்குள் விழுந்தடித்து ஓடுகிறார்கள். தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நான்கு களங்களில் முதலாவதே எள்ளல்தானே? வகுப்பு சிரிக்கும், சம்பவம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும். எந்த ஆசிரியரும் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டார்.

ஆனால் அந்தச் சிரிப்பு எதை மறைக்கிறது? அன்று பிரிட்டிஷ் படையில் இறந்தோர், காயமுற்றோர், பிடிபட்டோர் சுமார் 2,000 பேர். தளபதி பேக்கனமும் மாண்டார். திறந்த வெளியில் மண்ணரணை நோக்கி நடந்துவந்தவர்கள் பீரங்கிக்கு இரையானார்கள். அன்றைய அமெரிக்க இழப்போ நூறைக்கூட எட்டவில்லை.

அடுத்து, கதை சொல்லும் குரலைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு. மொழிபெயர்த்தால் எதைப் போடுவீர்கள்? ‘நாம்’ என்றால், கேட்கிற நாமும் வென்றவர்களோடு சேர்ந்து சிரிக்கிறோம். டிரிஃப்ட்வுட்டின் மாணவர்களுக்கு அது சரி. ‘நாங்கள்’ என்றால் அது ஒரு சிப்பாயின் கதை. நாம் தள்ளி நின்று கேள்வி கேட்கலாம். அந்த ‘நாங்கள்’ யார் யார்? ஜாக்சனின் படையில் அடிமைகளல்லாத கறுப்பினத்தவரின் பிரிவுகள் இரண்டு இருந்தன. சோக்டா பழங்குடியினரும் லஃபீட்டின் கடற்கொள்ளையரும் நின்றார்கள். மண்ணரணை எழுப்பியவர்களில் அடிமைகள் பலர். ஹார்ட்டன் பாடிய வடிவத்தில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதற்காகப் பாட்டை ஒதுக்க வேண்டாம், ஆசிரியர்களே. முதலில் போட்டுக் காட்டுங்கள், சிரிக்கட்டும். பிறகு, அரண் கட்டிய ஓர் அடிமையின் வாய்மொழியாக அந்தக் காலைப் பொழுதைப் பத்து வரியில் எழுதச் சொல்லுங்கள்.

மாணவர்களே, ‘நகைச்சுவை நிறைந்த பாடல்’ என்று எழுதினால் பாதி விடைதான். யார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பில் யார் விடுபட்டுப் போனார் என்பதையும் எழுதுங்கள். அதுதான் திறனாய்வு.